பெர்க்மனின் ஃபோரோ தீவு: கண்காட்சிக்காக அவ்வளவு தூரம் போகலாமா?

காயத்ரி ம.

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு ஸ்வீடன் போகிறேன். ஸ்டாக்ஹோமில் சித்தி மகன் குடும்பத்தோடு இருக்கிறான், அவன் வீட்டில்தான் தங்கல். அங்கிருந்து ஸ்வீடன் திரைப்பட இயக்குநர் இங்மர் பெர்க்மன் வாழ்ந்த ஃபோரோ தீவுக்குப் போய்வர வேண்டும் என்பது கல்லூரி நாட்களிலிருந்து எனக்குள் இருக்கும் ஆசை. விசாரித்தால் அவருடைய வீட்டுக்குள் பொதுமக்களை விடுவதில்லை, அதற்குப் பதிலாகத் தீவில் பெர்க்மன் மையம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே கண்காட்சி நடக்கும் என்கிறார்கள்.

என் தயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் வேறொரு ஊரில், வேறொரு இயக்குநரின் நினைவுக் கண்காட்சிக்கு ஆசை ஆசையாகப் போனேன். மூக்குக்கண்ணாடி, பேனா, மடித்து வைத்த சட்டை, வரிசையாக விருதுக் கேடயங்கள், சுவர் முழுக்கப் பெரிய மனிதர்களோடு கைகுலுக்கும் படங்கள். அந்த மனிதர் ஏன் அந்த ஊரை விட்டு நகரவே இல்லை, அந்த ஊர் அவர் படங்களுக்குள் எப்படி வந்தது என்பதற்கு அங்கே ஒரு வரிகூட இல்லை. வெளியே வந்தபோது மனசு வெறுமையாக இருந்தது. ஃபோரோவிலும் அப்படித்தான் இருக்குமா? ஒரு கலைஞனுக்கும் அவன் மண்ணுக்கும் உள்ள உறவைக் கண்காட்சியாக வைக்க முடியும் என்று நினைக்கிறீர்களா? போய்வந்தவர்கள், படித்தவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

வடக்குவாசி

காயத்ரி, நான் ஸ்டாக்ஹோம் பக்கம்தான் இருக்கிறேன், கோடை வந்தால் ஃபோரோவுக்குப் பக்கத்துப் பெரிய தீவான கோட்லாந்து போவது வழக்கம், அதனால் முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே நீனேஸ்ஹாம்ன் துறைமுகத்திலிருந்து கோட்லாந்தின் விஸ்பிக்குக் கப்பல், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். விஸ்பி பழைய மதில் சூழ்ந்த ஊர், யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது, அதையே ஒரு நாள் பார்க்கலாம். அங்கிருந்து வடக்கே ஃபோரோசுண்ட் வரை பஸ்ஸிலோ காரிலோ போய், கார்களையும் ஏற்றிக்கொள்ளும் மஞ்சள் நிற ஃபெர்ரியில் நீரிணையைத் தாண்ட வேண்டும். பத்து நிமிடத்துக்குள் அக்கரை, கட்டணம் கிடையாது. கோடையில் கார் வரிசை நீளமாக நிற்கும், அதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்க்மன் மையம் இருப்பது தீவின் பழைய பள்ளிக்கூடத்தில். 2013இல் திறந்தார்கள். கண்காட்சிக்கூடம், சின்னத் திரையரங்கம், நூலகம், ஒரு காப்பிக்கடை, அவ்வளவுதான். பிரம்மாண்டமாக எதுவும் இருக்காது. ஆனால் நீங்கள் பயப்படுகிற மாதிரி சட்டையும் கண்ணாடியும் வைத்த இடமும் அல்ல, ஏனென்றால் அந்தப் பொருட்கள் பெரும்பாலும் அவர்கள் கையில் இல்லை (அது ஒரு தனிக் கதை, பிறகு எழுதுகிறேன்). அவர்களிடம் இருப்பது படங்களும் எழுத்தும், வாசலுக்கு வெளியே முழுத் தீவும். 'பெர்க்மன் சஃபாரி' என்று ஒரு பஸ் சுற்றுலா உண்டு, படம் எடுத்த இடங்களுக்கெல்லாம் கூட்டிப்போவார்கள். சஃபாரி என்ற பெயர் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சுற்றுலா நன்றாகவே இருக்கும்.

ஜூன் என்பதால் இன்னொன்று. மாதக் கடைசியில் பெர்க்மன் வாரம் என்று விழா நடத்துகிறார்கள், 2004இலிருந்து, அதாவது அவர் உயிரோடிருந்தபோதே தொடங்கியது. அந்த நாட்களில் போக முடிந்தால் போங்கள். மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் சில கதவுகள் அப்போது திறக்கும்.

பிம்பம்

நான் ஃபோரோவுக்குப் போனதில்லை. ஆனால் எங்கள் திரைப்படக் கழகத்தில் பெர்க்மனை வருடா வருடம் திரையிட்டு, ஒவ்வொரு முறையும் இரவு வெகுநேரம் பேசியிருக்கிறோம், அந்த உரிமையில் எழுதுகிறேன். உங்கள் கேள்வி கண்காட்சியைப் பற்றியது என்றாலும், அந்த உறவு எப்படித் தொடங்கியது என்று தெரிந்துகொண்டு போனால்தான் அங்கே பார்ப்பது எதுவும் ஒட்டும்.

அவர் பிறந்தது உப்சாலாவில், 1918 ஜூலை 14. ஃபோரோவுக்கும் அவருக்கும் பிறப்பால் எந்தச் சம்பந்தமும் இல்லை. 1960இல் 'த்ரூ எ கிளாஸ் டார்க்லி' படத்துக்கு இடம் தேடுகிறார், ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஆர்க்னி தீவுகள்தான் வேண்டும் என்று நிற்கிறார். தயாரிப்பு நிறுவனத்துக்குச் செலவு நினைத்துத் தலைசுற்றுகிறது, பக்கத்தில் ஃபோரோ இருக்கிறதே, அதைப் பாருங்கள் என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்வதற்காகவே ஏப்ரல் மாதத்தில் காற்றும் மழையுமான ஒரு நாளில் போகிறார். போன இடத்தில் சிக்கிக்கொண்டார். தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார்: உருவங்கள், அளவுகள், நிறங்கள், ஒலிகள் எல்லாம் தனக்குள் ஏற்கெனவே இருந்த ஏதோ ஒன்றோடு பொருந்தியதாக. இங்கேயே வாழ்ந்து முடிக்கப்போகிறேன் என்று ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்ட்டிடம் சொன்னாராம். 2007 ஜூலை 30 அன்று அங்கேதான் இறந்தார், தீவின் தேவாலயக் கல்லறையில்தான் மனைவி இங்க்ரிட்டோடு அடக்கம்.

நடுவில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1965 கோடையில் 'பெர்சோனா' எடுக்கத் திரும்பி வருகிறார். பிறகு ஹம்மார்ஸ் என்ற இடத்தில், கடலை ஒட்டி, தாழ்வாக நீண்டு கிடக்கும் ஒரு வீட்டைக் கட்டிக்கொள்கிறார். 'ஷேம்' படத்துக்காகத் தீவில் ஒரு வீடு செட் போடுகிறார்கள், படம் முடிந்ததும் அதை இடித்துவிட வேண்டும் என்பது விதி. அவருக்கு அந்த வீட்டின் மேல் ஆசை வந்துவிட்டது. இன்னொரு படம் இங்கேதான் எடுக்கப்போகிறோம், இடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு 'தி பேஷன் ஆஃப் அன்னா'வை எடுத்தார். கதைக்கு வீடு தேடுவார்கள், இவர் வீட்டுக்காகக் கதை தேடினார். இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள், அதே நிலம், நடிப்பதும் அதே லிவ் உல்மன், அதே மாக்ஸ் வான் சிடோ, ஆனால் ஒன்று போரின் கறுப்பு வெள்ளை, மற்றது ஒரு குளிர்காலத்தின் வண்ணம்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகத் தோன்றுவது அவர் எடுத்த இரண்டு ஆவணப்படங்கள். 'ஃபோரோ ஆவணம்' ஒன்று 1969இல் எடுத்தது, 1970 புத்தாண்டு அன்று ஸ்வீடன் தொலைக்காட்சியில் வந்தது. இரண்டாவது பத்து வருடம் கழித்து, 1979. மரணமும் கடவுளும் பற்றிப் படம் எடுத்த மனிதர் இங்கே மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடு வளர்ப்பவரிடம், மீன் பிடிப்பவரிடம், டாக்ஸி ஓட்டுபவரிடம் போய் உங்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்கிறார். பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறிப் பிள்ளைகளிடம் பெரியவர்களானதும் இங்கே இருப்பீர்களா என்று கேட்கிறார். வெளியே போய்விடுவோம் என்கிற பதில் திரும்பத் திரும்ப வருகிறது. 1979இல் அதே பிள்ளைகளைத் தேடிப் பிடித்து மறுபடி பேசுகிறார். சிலர் போய்விட்டார்கள், சிலர் இருந்துவிட்டார்கள், சிலர் போய்த் திரும்பியிருக்கிறார்கள்.

அதனால் பெர்க்மன் கண்காட்சி ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்று வடக்குவாசி எழுதியதைப் படித்ததும், சரியான இடம் என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பள்ளி மூடிப்போனதற்குக் காரணம் எதுவோ அதைத்தான் அவர் 1969இலேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்தார். அவர் வீட்டுப் படுக்கையறையைப் பார்ப்பதைவிட அந்த வகுப்பறையில் உட்கார்ந்து அந்தப் பஸ் காட்சியைப் பார்ப்பது உறவைப் புரியவைக்கும். கண்காட்சி தகுமா என்றால், இந்த இரண்டு ஆவணப்படங்களுக்கு அது எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதுதான் என் அளவுகோல்.

செந்தாழை

பிம்பம் அழகாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இந்த 'தீவோடு காதல்' கதையைக் கொண்டாடும்போதெல்லாம் ஒருவரை விட்டுவிடுகிறோம். அந்த வீடு கட்டப்பட்டது பெர்க்மனும் நடிகை லிவ் உல்மனும் சேர்ந்து வாழ. 'பெர்சோனா' எடுத்தபோது லிவ்வுக்கு இருபத்தாறு வயது, பெர்க்மன் இருபது வருடம் மூத்தவர். பெர்க்மன் வீட்டைச் சுற்றிக் கல் மதில் எழுப்பினார். கைக்குழந்தையோடு (இருவரின் மகள் லின் 1966இல் பிறந்தவர்) அந்த மதிலுக்குள் எவ்வளவு தனியாக உணர்ந்தேன் என்று லிவ் உல்மன் பின்னாளில் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். பெர்க்மனுக்கு அமைதியாக இருந்த அதே தீவு அந்தப் பெண்ணுக்குச் சிறையாக இருந்த நாட்களும் உண்டு. சில வருடங்களில் தீவை விட்டுப் போனார். ஆனால் நட்பு கடைசிவரை இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்ள நல்ல வழி 2012இல் வந்த 'லிவ் அண்ட் இங்மர்' என்ற ஆவணப்படம். எடுத்தவர் நம் நாட்டுக்காரர், தீரஜ் அகோல்கர். லிவ் உல்மன் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு அறையாக நின்று பேசுகிறார். கதவில் இரண்டு பேரும் கிறுக்கி வைத்த குறிகள், இதயங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. தன் கட்டில் அருகே இருந்த மேசையில் நேராக மரத்தின் மேலேயே எழுதுகிற பழக்கம் பெர்க்மனுக்கு. நடுராத்திரியில் வந்த கனவு, பயம் எல்லாம் அந்தப் பலகையில் கிறுக்கலாகக் கிடக்கிறது. ஒரு கண்காட்சியில் நான் தேடுவது அந்த மாதிரிப் பொருள். பேனாவை வைக்காதே, பேனா பட்ட இடத்தைக் காட்டு.

2021இல் மியா ஹான்சன்லவ் 'பெர்க்மன் ஐலண்ட்' என்று ஒரு படத்தைத் தீவிலேயே எடுத்தார். அதில் ஒரு சாப்பாட்டு மேசைக் காட்சி. பெர்க்மனுக்கு ஆறு பெண்களிடம் ஒன்பது பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளை யார் வளர்த்தார்கள், ஒரு பெண் இயக்குநர் இப்படி வாழ்ந்துகொண்டு இத்தனை படம் எடுத்திருக்க முடியுமா என்று கதாநாயகி கேட்கிறாள். அந்த சஃபாரி பஸ்ஸும் படத்தில் வருகிறது. பெர்க்மனை ரசித்துக்கொண்டே இந்தக் கேள்வியையும் கேட்கலாம், இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும். நீங்கள் அங்கே போனால், காயத்ரி, வழிகாட்டியிடம் லிவ் உல்மனைப் பற்றி, இங்க்ரிட்டைப் பற்றி, வீட்டை நடத்திய பெண்களைப் பற்றிக் கேளுங்கள். கொண்டாட்டத்துக்குள் இதற்கும் ஒரு சுவர் ஒதுக்கியிருந்தால்தான் அது நேர்மையான கண்காட்சி.

வடக்குவாசி

பொருட்கள் ஏன் மையத்தில் இல்லை என்று எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா. பெர்க்மன் உயிலில் தெளிவாக எழுதிவிட்டார், எல்லாவற்றையும் அதிக விலை கேட்பவருக்கு விற்றுவிட வேண்டும், பிள்ளைகளுக்குள் உணர்ச்சிவசப்பட்ட சண்டை வரக்கூடாது என்று. 2009 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் புகோவ்ஸ்கிஸ் ஏலக்கடையில் எல்லாம் ஏலம் போனது. மேசை, நாற்காலி, விளக்கு, அவருடைய விருதுகள், 'செவன்த் சீல்' படத்தில் சாவோடு ஆடிய சதுரங்கக் காய்கள் வரை. அந்தக் காய்கள் மட்டும் பத்து லட்சம் குரோனருக்குப் போயின. வீடுகள் சிதறிப்போய் யாரோ பணக்காரரின் கோடை விடுதியாகிவிடுமோ என்று பலர் கவலைப்பட்டோம். அப்போது ஹான்ஸ் குதே குதேசன் என்ற நார்வேக்காரர் வீடுகள் மொத்தத்தையும் வாங்கினார், ஏலத்தில் போன சாமான்களிலும் நிறைய வாங்கிப் பழைய இடத்திலேயே திருப்பி வைத்தார். லின் உல்மனும் அந்த முயற்சியில் இருந்தார். இப்போது எழுத்தாளர்கள், இயக்குநர்கள், ஆய்வாளர்கள் விண்ணப்பித்து அங்கே தங்கி வேலை செய்யலாம். அதனால்தான் பொதுமக்களுக்குக் கதவு திறப்பதில்லை.

எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று பலகை வைத்தால் அந்த மேசை செத்துப்போகும். இன்றைக்கும் யாரோ ஒருவர் அதில் உட்கார்ந்து எழுதுகிறார் என்பதில் எனக்குச் சந்தோஷம்.

டெம்பா பற்றி யாரும் எழுதவில்லை. அதுவும் தீவில் அவருக்குச் சொந்தமாக இருந்த ஒரு பழைய பண்ணை. அங்கிருந்த தானியக் களஞ்சியத்தை மாற்றித் தனக்கென ஒரு திரையரங்கம் செய்துகொண்டார், பதினைந்து பேர் உட்காரும் அளவு. பகல் மூன்று மணிக்குப் படம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், விருந்தாளிகள் யாராக இருந்தாலும் மூன்று மணிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட வேண்டும், தாமதமாக வருவது அவருக்கு ஆகவே ஆகாது. முன்வரிசையில் அவருடைய சாய்வு நாற்காலி. பெர்க்மன் வாரத்தில் அங்கே திரையிடல் இருந்தால் அதற்கு டிக்கெட் கிடைக்கிறதா என்று முதல் வேலையாகப் பாருங்கள். இடம் கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம்.

தீவுக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. பெர்க்மன் வீடு எங்கே என்று வெளியூர்க்காரர் கேட்டால் யாரும் வழி சொல்லமாட்டார்கள், தெரியாது என்பார்கள், இல்லாவிட்டால் வேறு திசையைக் காட்டிவிடுவார்கள். 1976இல் வரி விவகாரத்தில் போலீஸ் அவரை நாடகக் கொட்டகையில் ஒத்திகையின் நடுவிலேயே அழைத்துக்கொண்டு போனது, பிறகு வழக்கு நிற்கவில்லை, ஆனால் மனிதர் உடைந்துபோய் நாட்டை விட்டு மியூனிக் போய்விட்டார். அந்தக் கோபத்திலும் ஃபோரோ வீட்டை விடவில்லை, கோடையில் வந்து போய்க்கொண்டிருந்தார், 1979 ஆவணப்படமும் அந்தக் காலத்தில் எடுத்ததுதான். ஐந்நூறு பேர் வாழும் இடத்தில் ஒரு உலகப் புகழ்பெற்ற ஆளை நாற்பது வருடம் தொந்தரவு செய்யாமல் விட்டார்கள் என்பது சின்ன விஷயமில்லை. இதை எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் வைக்க முடியாது, அங்கே வழிகாட்டியாக இருக்கும் உள்ளூர்க்காரர் வாயால்தான் கேட்க வேண்டும்.

மணல்மேடு

ஒரு சின்னத் தகவல். ஸ்வீடன் போனதும் 200 குரோனர் நோட்டு கையில் வந்தால் பாருங்கள். 2015இல் வந்த நோட்டு, முன்பக்கம் பெர்க்மன், பின்பக்கம் கோட்லாந்தின் கடலோரப் பாறைத் தூண்கள். பிறந்த ஊரான உப்சாலாவை விட்டுவிட்டு அவர் போய்ச் சேர்ந்த மண்ணை அவர் முதுகில் அச்சடித்திருக்கிறார்கள்.

ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் ரசிகர்களுக்கும் ஒன்று. 'தி சாக்ரிஃபைஸ்' படத்தை அவர் ஃபோரோவில் எடுக்கத்தான் விரும்பினார். அந்தக் காலத்தில் ஃபோரோ ராணுவப் பகுதி, வெளிநாட்டவர் உள்ளே போகத் தடை, 1990கள் வரை இருந்தது. அனுமதி கிடைக்காமல் கோட்லாந்தின் தென்கிழக்கே நேர்ஸ்ஹோல்மன் கரையில் எடுத்தார், பெர்க்மனின் ஒளிப்பதிவாளர் நிக்விஸ்ட்டையும் பெர்க்மனின் நடிகர் எர்லாண்ட் யோசெப்சனையும் வைத்துக்கொண்டு. கார் எடுத்துப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு எட்டுப் போய்வரலாம்.

காயத்ரி ம.

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. செந்தாழை சொன்ன ஆவணப்படத்தை இன்றிரவே தேடப்போகிறேன். ஒரு கவலை மட்டும் பாக்கி. அம்மாவுக்குப் பெர்க்மன் யாரென்று தெரியாது. புதுக்கோட்டைப் பக்கம் கிராமத்தில் பிறந்தவர், அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி உண்டு, ஆனால் ஊர் சுற்றுவதில் என்னைவிட ஆர்வம். அவருக்கு அந்தத் தீவில் என்ன இருக்கிறது? நான் மையத்துக்குள் நுழைந்துவிட்டால் அவர் பாவம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

பிம்பம்

உங்கள் அம்மாவுக்கு அந்தத் தீவு உங்களைவிடச் சீக்கிரம் பிடிபட்டுவிடும் என்று நினைக்கிறேன். புறப்படுவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து 1979 ஆவணப்படத்தை அம்மாவோடு பாருங்கள், வசனத்தை நீங்கள் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வாருங்கள். ஊரே கூடி ஒரு கட்டடத்துக்குக் கூரை வேய்கிற காட்சி அதில் உண்டு. சதுப்பில் அறுத்த கோரை மாதிரியான புல்லைக் கட்டுக் கட்டாகக் கீழேயிருந்து மேலே கொடுக்கிறார்கள், மேலே இருப்பவர்கள் வாங்கி அடுக்கிக்கொண்டே போகிறார்கள், முடிந்ததும் எல்லோருக்கும் சாப்பாடு. ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிறார்கள், பன்றி அறுத்துத் துண்டு போடுகிறார்கள். பெர்க்மன் இதையெல்லாம் அவசரமே இல்லாமல், கை வேலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் காட்டுகிறார். எங்கள் கழகத்தில் திரையிட்டபோது சினிமா தெரிந்தவர்கள் மிச்சப் படங்களோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், டெல்டாவிலிருந்து வந்த ஒரு பெரியவர்தான் கூரையின் வாட்டம் சரியாக இருக்கிறதா, அந்தப் புல் எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டுக்கொண்டே பார்த்தார். அம்மா அந்தக் கண்ணோடு போனால், மையத்தில் தீவு மக்களின் படங்கள் இருக்கும் பக்கத்தில் உங்களுக்கு முன்னால் அவர் நிற்பார்.

வடக்குவாசி

முழங்கால் வலிக்கு: சைக்கிள் வேண்டாம், கார் எடுத்துக்கொள்ளுங்கள். தீவு சமதரை, ஏற்றம் இறக்கம் இல்லை. லாங்ஹம்மார்ஸ் கடற்கரைக்கு நிச்சயம் கூட்டிப் போங்கள். 'பெர்சோனா'வில் வரும் பாறைத் தூண்கள் அங்கேதான், ரௌக் என்பார்கள். நாற்பது கோடி வருடத்துக்கும் முந்தைய பவளப்பாறைகள், மென்மையான கல்லைக் கடல் அரித்துக்கொண்டுபோக உறுதியானது மட்டும் நின்றுவிட்டது. கரை முழுக்கக் கூழாங்கல், கால் வழுக்கும், அம்மா வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தாலும் நன்றாகத் தெரியும். இன்னும் நேரம் இருந்தால் டிகெர்ஹுவுத் வழியாக வாருங்கள், சாலையை ஒட்டியே கிலோமீட்டர் கணக்கில் தூண்கள் வரும், காரை விட்டு இறங்கவே வேண்டாம். வழியெல்லாம் ஆடுகள் மேயும், கல் வேலிகள் இருக்கும். மணலில் உட்கார வேண்டுமென்றால் சூதெர்சாண்ட்.

கல்லறைக்குப் போவதென்றால் தேவாலயம் சாலையோரம்தான், அம்மாவும் வரலாம். பெரிய நினைவுச்சின்னம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள், மூலையில் எளிமையான கல்.

அப்புறம் முக்கியமானது, பெர்க்மன் வாரத்தை ஒட்டித் தங்கும் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், நடுக்கோடைத் திருவிழாவும் அதே சமயம் வருவதால் கப்பல் டிக்கெட்டும் தட்டுப்பாடு. தேதி முடிவானால் இன்றைக்கே கப்பலைப் பதிவு செய்யுங்கள், தீவில் இடம் கிடைக்காவிட்டால் ஃபோரோசுண்ட் பக்கம் தேடுங்கள், ஃபெர்ரி இலவசம் என்பதால் அங்கே தங்கிப் போய்வருவதில் சிரமமில்லை. மையம் எந்த நாட்களில் திறந்திருக்கும் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும், கிளம்புவதற்கு முன் அவர்கள் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

செந்தாழை

போய்வந்ததும் அந்தக் கண்காட்சியில் லிவ் உல்மனுக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று இங்கே கட்டாயம் எழுதுங்கள் காயத்ரி. அம்மா என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து.